மண்ணெண்ணெய்க் கப்பல்களும் விளக்குக் கட்டணமும்: வட ஆர்க்காட்டிலிருந்து ஓர் எளிய விளக்கம்

வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் மின்சாரம் வருவதற்கு முன் வேலூரிலும் குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் எரிந்த ஒவ்வோர் அரிக்கேன் விளக்கின் எண்ணெய்க்குள்ளும், வங்காள விரிகுடாவில் கப்பல்களுக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கங்களின் செலவில் ஒரு மிகச் சிறிய பங்கு அடங்கியிருந்தது. அந்தப் பங்கு எப்படிக் கணக்கிடப்பட்டது, யார் அதை வசூலித்தார்கள், கடைசியில் அது யார் தலையில் விழுந்தது என்பதைப் படிப்படியாகப் புரிந்துகொண்டால், ஆங்கிலேயர் ஆட்சியில் எண்ணெய்க் கப்பல்களிடம் வாங்கப்பட்ட விளக்குக் கட்டணம் என்ற ஏற்பாடு தானாகவே தெளிவாகிவிடும்.

விளக்குக் கட்டணம் என்பது கலங்கரை விளக்கங்களைக் கட்டவும் பராமரிக்கவும் ஆகும் செலவுக்காகக் கப்பல்களிடம் வாங்கப்படும் தொகை. இது சுங்க வரி அன்று. சுங்க வரி சரக்கின் மீது விழுவது. இறக்குமதியான மண்ணெண்ணெய்க்கு அந்த வரி தனியாக உண்டு. விளக்குக் கட்டணமோ கப்பலின் மீது விழுவது. கப்பலுக்குள் மண்ணெண்ணெய் இருக்கிறதா, ஆம்பூர்த் தோல் இருக்கிறதா என்பதைப் பார்த்து அதன் அளவு நிர்ணயிக்கப்படுவதில்லை. துறைமுகத்திற்குள் நுழைந்து நங்கூரமிடுவதற்காக வாங்கப்படும் துறைமுகக் கட்டணமும் வேறு. பழைய கப்பல் கணக்குகளில் இந்த மூன்றும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றோடொன்று கலந்து எழுதுகிறவர்கள் பலர் உண்டு. முதலில் பிரித்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கட்டணத்தின் அடிப்படைச் சிக்கல் மிக எளிமையானது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் கம்பியை இறக்கி வண்டியை நிறுத்திப் பணம் வாங்க முடிகிறது; பணம் கட்டாத வண்டி சாலையில் மேற்கொண்டு போக முடியாது. கலங்கரை விளக்கத்திற்கு அப்படி ஒரு கம்பி கிடையாது. பாறைமேல் எரியும் ஒளி பணம் கட்டிய கப்பலுக்கும் கட்டாத கப்பலுக்கும் ஒன்றுபோலவே தெரியும். பத்துக் கப்பல் பார்த்தாலும் நூறு கப்பல் பார்த்தாலும் அதற்கு எரியும் எண்ணெய் ஒன்றுதான். ஆகவே விளக்கடியில் வசூல் செய்ய இயலாது. கப்பல் எங்கே நின்றுதான் ஆக வேண்டுமோ அங்கே, அதாவது துறைமுகத்தில், வசூல் செய்ய வேண்டும். விளக்குக் கட்டணச் சட்டங்கள் அனைத்தும் இந்த ஒரே உண்மையைச் சுற்றி எழுதப்பட்டவை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜான் ஸ்டூவர்ட் மில், இதே காரணத்தைச் சொல்லித்தான், அரசு கட்டாயக் கட்டணம் விதித்து ஈடு செய்யாவிட்டால் சொந்த லாபத்திற்காக எவரும் கலங்கரை விளக்கம் கட்ட மாட்டார் என்று 1848இல் வாதிட்டார். 1974இல் ரொனால்டு கோஸ் என்ற பொருளியல் அறிஞர் இங்கிலாந்தின் பழைய வரலாற்றை எடுத்துக்காட்டி, அங்கே தனியார் கட்டிய விளக்கங்கள் பல இருந்ததையும், அரசின் உரிமம் பெற்று அவற்றின் சொந்தக்காரர்கள் துறைமுகங்களில் கட்டணம் வசூலித்ததையும் நினைவூட்டினார். இருவர் சொல்வதும் ஒன்றையொன்று அடியோடு மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தனியார் கட்டிய விளக்கத்திற்கும் பணம் வந்தது துறைமுகத்தில் அரசு தந்த அதிகாரத்தால்தான். அந்த அதிகாரம் எவ்வளவு கொழுத்த சொத்தாக வளர்ந்தது என்பதற்கு வேல்ஸ் நாட்டுக் கரையோரம் உள்ள ஸ்கெரீஸ் தீவின் விளக்கமே சான்று. தனியார் விளக்கங்களை விலைகொடுத்து வாங்க 1836இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தபின், கடைசியாக மிஞ்சிய அந்த ஒரே விளக்கத்தை 1841இல் கைமாற்றுவதற்கு 4,44,984 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது.

சென்னையில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த ஒரு கட்டடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளை ஏற்றிவைத்ததே நகரின் முதல் கலங்கரை விளக்கம். அடுத்தது, 1844 முதல் எரிந்த உயரமான கருங்கல் தூண். வழக்கு விஷயமாக வேலூரிலிருந்து உயர் நீதிமன்றம் போகிறவர்கள் அந்த வளாகத்திலேயே அதை இன்றும் பார்க்கலாம். 1894இல் விளக்கு உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திற்கே இடம் மாறியது. இந்த விளக்கங்களெல்லாம் நெடுங்காலம் அந்தந்த மாகாண அரசுகளின் பொறுப்பிலோ துறைமுகங்களின் பொறுப்பிலோதான் இருந்தன. கட்டணமும் அவ்வாறே இடத்திற்கு இடம் மாறுபட்டது. சென்னை, கல்கத்தா, ரங்கூன் என்று துறைமுகம் துறைமுகமாகப் போகும் கப்பலுக்கு இது பெரும் தொல்லையாக இருந்தது.

1927ஆம் ஆண்டின் இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது. கடலோடிகளுக்குப் பொதுவாகப் பயன்படும் விளக்கங்களை ‘பொது விளக்கங்கள்’ என அறிவித்து இந்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. துறைமுக வாசலுக்கு மட்டும் பயன்படும் சிறு விளக்கங்கள் ‘உள்ளூர் விளக்கங்கள்’ என்ற பெயரில் அந்தந்தத் துறைமுகத்திடமே விடப்பட்டன. நிர்வாகத்திற்காகக் கடற்கரை ஏடன், கராச்சி, பம்பாய், சென்னை, கல்கத்தா, ரங்கூன் என ஆறு விளக்க மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. பொது விளக்கங்களின் செலவுக்காக, பிரிட்டிஷ் இந்தியாவின் எந்தத் துறைமுகத்திற்கு வந்தாலும், எதிலிருந்து புறப்பட்டாலும், கப்பல் ஒரே வகையான கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்பது விதி. போர்க்கப்பல்கள் போன்ற அரசுக் கப்பல்களுக்கும், மிகச் சிறிய கலங்களுக்கும் விலக்கு இருந்தது.

வசூல் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். கப்பல் வந்து நின்றதும் அதன் ஏஜென்ட், கப்பலின் பதிவுச் சான்றிதழுடன் சுங்க அலுவலகத்திற்குப் போவார். அந்தச் சான்றிதழில் கப்பலின் நிகரப் பதிவு டன் எவ்வளவு என்று எழுதியிருக்கும். சான்றிதழை மட்டும் நம்பத் தேவையில்லாதபடி, பிரிட்டிஷ் சட்டப்படி பதிவான ஒவ்வொரு கப்பலின் முதன்மை உத்தரத்திலும் அதன் அதிகாரபூர்வ எண்ணும் பதிவு டன்னும் வெட்டிப் பொறிக்கப்பட்டிருக்கும். அதை அழிப்பது குற்றம். அதிகாரி அந்த டன்னை, அரசிதழில் அறிவிக்கப்பட்ட வீதத்தால் பெருக்குவார். மேல்தளத்தில் சரக்கு ஏற்றி வந்திருந்தால் அதற்கான டன்னையும் சேர்த்துக்கொள்வார். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார். அந்த ரசீது இல்லாமல் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட அனுமதிச் சீட்டு கிடைக்காது. பணம் தர மறுத்தால் கப்பலையே பிடித்து வைக்கவும், அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளவும் சுங்க அதிகாரிக்குச் சட்டம் இடம் கொடுத்தது. விளக்கடியில் இல்லாத தடுப்புக் கம்பி இந்த அனுமதிச் சீட்டில் இருந்தது.

இங்கே ‘டன்’ என்ற சொல்லால் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவதுண்டு. கட்டணக் கணக்கில் வரும் டன் எடை அன்று, இடம். நூறு கன அடி ஒரு டன். கப்பலின் மூடிய பகுதிகள் அனைத்தையும் அளந்து வருவது மொத்த டன். அதிலிருந்து இயந்திர அறை, மாலுமிகள் தங்கும் இடம் முதலியவற்றைக் கழித்தால் வருவது நிகர டன். அதாவது சம்பாத்தியத்திற்குப் பயன்படும் இடத்தின் அளவே நிகர டன். இந்த முறை பிரிட்டனில் 1854ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. நிகரம் 3,000 டன் உள்ள ஒரு டேங்கர், எடைக் கணக்கில் 7,000 டன் எண்ணெய் ஏற்றிவர முடியும் என்பது இதனால்தான். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

இனி எண்ணெய்க் கப்பல்களுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மண்ணெண்ணெய் டின்களில் அடைக்கப்பட்டு, மரப்பெட்டிகளில் வைத்து, மற்றச் சரக்குகளோடு சாதாரணக் கப்பல்களில் வந்தது. எண்ணெயை அப்படியே தொட்டிகளில் ஊற்றிக்கொண்டு வரும் டேங்கர்கள் வந்தபின் நிலைமை மாறியது. 1892இல் ‘மூரெக்ஸ்’ என்ற டேங்கர் ரஷ்ய மண்ணெண்ணெயுடன் சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே வந்தது; அந்தக் கால்வாய் வழியாகச் சென்ற முதல் எண்ணெய்க் கப்பல் அதுவே. தென்னிந்தியாவிற்கு அதைவிட நெருங்கிய வழி பர்மாவிலிருந்து வந்தது. ஏனாங்யாங் கிணறுகளின் எண்ணெய் ரங்கூனுக்கு அருகே சிரியத்தில் சுத்திகரிக்கப்பட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் கப்பல்களில் சென்னைக்கு வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டபோது தீப்பற்றி எரிந்தவை இந்தக் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளே.

அந்தக் கடல்வழியில் டேங்கருக்கு விளக்கின் அருமை மற்றக் கப்பல்களைவிட அதிகம். நிறைசுமையில் அது ஆழமாக மூழ்கி ஓடும்; ஆகவே ஆழம் குறைந்த இடங்கள் அதற்குக் கூடுதல் ஆபத்து. தரைதட்டித் தொட்டி பிளந்தால் நெருப்புக்கும் வாய்ப்புண்டு. பர்மாக் கரையோரம் அல்குவாடா என்ற பாறைத் திட்டின்மேல், 1865இல் அலெக்சாண்டர் ஃபிரேசர் என்ற பொறியாளர் பெரும்பாடுபட்டுக் கருங்கல்லால் கட்டி முடித்த கலங்கரை விளக்கம், ரங்கூனுக்குப் போகவும் வரவும் இருந்த கப்பல்களுக்கு உயிர்நாடியாக இருந்தது. அலை மோதும் ஒரு திட்டின்மேல் கல்லை ஒவ்வொன்றாக இறக்கி நூறடிக்கும் மேலாகக் கட்டிய அந்த உழைப்பை நினைத்தால், அதற்கென்று ஒரு கட்டணம் கேட்டது நியாயமற்றது என்று எவரும் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

டேங்கருக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. சாதாரணச் சரக்குக் கப்பல் சென்னையில் துணியை இறக்கிவிட்டுத் தோலையோ வேர்க்கடலையையோ ஏற்றிக்கொண்டு திரும்பும். டேங்கர் எண்ணெயை இறக்கியபின், தொட்டியில் கடல் நீரைப் பாரத்திற்காக நிரப்பிக்கொண்டு, வருமானம் ஏதுமின்றி வெறுமனே திரும்ப வேண்டும். 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம் இப்படிச் சரக்கின்றி நுழையும் கப்பலுக்குத் துறைமுகக் கட்டணத்தில் முக்கால் பங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று சலுகை காட்டியது. விளக்குக் கட்டணத்தில் டேங்கருக்கு உதவியது வேறொரு விதி. ஒரு முறை கட்டணம் செலுத்திய கப்பல், அந்த நாளிலிருந்து முப்பது நாள் வரை, பிரிட்டிஷ் இந்தியாவின் எந்தத் துறைமுகத்திற்குப் போனாலும் மறுபடி கட்ட வேண்டியதில்லை. ரங்கூனிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய ஆயிரம் கடல் மைல். மணிக்குப் பத்துக் கடல் மைல் ஓடும் கப்பலுக்கு நான்கு நாள் பயணம். 1937 வரை பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்ததால், ரங்கூனில் வாங்கிய ரசீது சென்னையிலும் செல்லும். முப்பது நாளுக்குள் இரண்டு நடை அடித்துவிடும் டேங்கருக்கு ஒரு நடைக்கான சுமை பாதியாகிவிடும்.

இப்போது வேலூர் வரை கணக்கைக் கொண்டுவரலாம். வீதம் டன்னுக்கு இரண்டு அணா என்றும், கப்பல் 3,000 நிகர டன் என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். கட்டணம் 6,000 அணா, அதாவது 375 ரூபாய். அக்காலத்தில் அது சிறிய தொகை அன்று. ஆனால் அந்தக் கப்பல் 7,000 டன் மண்ணெண்ணெய் கொண்டுவந்தால், டன்னுக்குச் சுமார் 275 காலன் வீதம், நான்கு காலன் டின்னாகப் பிரித்தால் ஏறக்குறைய 4,80,000 டின் வரும். 375 ரூபாயைத் தம்பிடியாக்கினால் 72,000 தம்பிடி. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆகவே ஏறக்குறைய ஏழு டின்னுக்குச் சேர்த்து ஒரு தம்பிடிதான் விளக்குக் கட்டணம். முப்பது நாளுக்குள் இரண்டு நடை என்றால் பதின்மூன்று டின்னுக்கு ஒரு தம்பிடி.

இந்த எண்ணெய் சென்னையிலிருந்து உள்நாட்டிற்கு வர நல்ல வழி ஏற்கெனவே இருந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையே 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. பின்னர் அது காட்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. புங்கெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் எரிந்துகொண்டிருந்த வீடுகளுக்கு இந்தப் பாதை வழியாகவே சீமை எண்ணெய் நுழைந்தது. கடைக்காரர் டின்னின் மூலையில் துளையிட்டு, அளவுக் குவளையில் ஊற்றி, காலணாவுக்கும் அரையணாவுக்கும் புட்டியில் விற்றார். காலியான டின் தண்ணீர்க் குடமாகவும் அரிசி அளக்கும் மரக்காலாகவும் பின்னும் பல ஆண்டு உழைத்தது. காலணாப் புட்டியில் கலந்திருந்த விளக்குக் கட்டணம் எந்த நாணயத்தாலும் எண்ண முடியாத அளவுக்குச் சிறியது.

அப்படியானால் அதைக் கடைசியில் கட்டியவர் யார்? சட்டப்படி கப்பலின் உரிமையாளர் அல்லது தலைவர். நடைமுறையில் அது கப்பல் செலவில் சேர்ந்து, எண்ணெய்க் கம்பெனியின் செலவாகி, விலையில் கலந்து, வாங்குபவரிடம் வந்துசேர வேண்டும். ஆனால் விலை எப்போதும் செலவை அப்படியே பின்தொடர்வதில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. இந்தியாவில் மண்ணெண்ணெய் விலை பெரும்பாலும் ஒருசில பெரிய கம்பெனிகளின் உடன்பாட்டாலும் போட்டியாலும் தீர்மானிக்கப்பட்டது. விளக்கச் சட்டம் வந்த அதே 1927இல், ரஷ்ய எண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்ற அமெரிக்கக் கம்பெனிக்கும் ராயல் டச்சு ஷெல்லுக்கும் இடையே கடுமையான விலைப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு பர்மா ஷெல் என்ற கூட்டு நிறுவனம் உருவானது. விலைப் போரில் ஏறி இறங்கியவை அணாக்கள். அவற்றின் முன் தம்பிடியின் ஒரு கீற்று எம்மாத்திரம்? கட்டணம் உயர்ந்ததால் எண்ணெய் விலை உயர்ந்தது என்று யாராவது எழுதினால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

தொகை சிறியது என்பதால் கேள்வியே இல்லை என்று ஆகிவிடாது. விளக்கங்கள் அமைப்பதையும் கட்டண வீதத்தையும் பற்றி அரசுக்கு ஆலோசனை கூற, சட்டத்தால் பாதிக்கப்படும் நலன்களின் பிரதிநிதிகளும் துறை அறிவு உள்ளவர்களும் கொண்ட ஒரு மத்தியக் குழுவுக்குச் சட்டம் வழி செய்தது. நல்ல ஏற்பாடுதான், பணம் கட்டுகிறவரைக் கேட்காமல் வீதம் உயர்த்தக் கூடாது. ஆனால் ‘பாதிக்கப்படும் நலன்’ என்று சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது கப்பலும் வணிகமும்தான். எண்ணெயை எரித்தவர் அந்தக் கணக்கில் வரவில்லை. இதை நான் ஒரு குறையாகவே பார்க்கிறேன்.

ஏற்பாட்டின் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் வசூல் என்பதால், துறைமுகத்தைத் தொடாமல் கடந்துபோகும் கப்பல் ஒன்றும் கட்டாது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. சென்னையின் விளக்கைப் பார்த்துக்கொண்டே தெற்கே ஓடிப் புதுச்சேரியில் மட்டும் சரக்கிறக்கிய கப்பலை இந்தியச் சட்டம் தொட முடியாது. லட்சத்தீவுக் கடலில் 1885இல் எழுந்த மினிக்காய் விளக்கமும், இலங்கைக்குத் தென்கிழக்கே 1870களில் எழுந்த பாஸஸ் விளக்கங்களும் இந்தச் சிக்கலை மேலும் காட்டுகின்றன. அவை பெரும்பாலும் கடந்துபோகும் கப்பல்களுக்கே பயன்பட்டதால், லண்டனிலிருந்து நேரடியாக நிர்வகிக்கப்பட்டு, அவற்றைக் கடந்துவந்த கப்பல்களிடம் வெவ்வேறு துறைமுகங்களில் தனிக் கட்டணம் வசூலிக்க வேண்டியிருந்தது. மினிக்காய் விளக்கம் 1956இல்தான் இந்தியாவின் கைக்கு வந்தது.

பாரசீக வளைகுடாவில் இந்த ஓட்டை மிகப் பெரிதாகத் தெரிந்தது. அபாதான் சுத்திகரிப்பு ஆலை 1912இல் இயங்கத் தொடங்கியது. பஹ்ரைனில் 1932இல் எண்ணெய் கிடைத்து, 1934இல் ஏற்றுமதி தொடங்கியது. அந்தக் கடலில் விளக்குகளையும் மிதவைகளையும் பேணும் பொறுப்பை ஏற்றது பிரிட்டிஷ் இந்திய அரசு. பெரிய தும்ப் தீவில் 1913இலேயே கலங்கரை விளக்கம் வந்துவிட்டது. ஆனால் அபாதானும் பஹ்ரைனும் இந்தியத் துறைமுகங்கள் அல்ல. அங்கே இந்தியச் சுங்க அதிகாரி கிடையாது. புறப்பாட்டு அனுமதிச் சீட்டை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் கிடையாது. கம்பெனியின் சொந்தப் படகுத்துறையில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு நேராக ஜப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ போகும் டேங்கரிடம் கட்டணம் வாங்க வேண்டுமானால், அந்த இடத்து ஆட்சியாளரின் சுங்கத்துறையோ எண்ணெய்க் கம்பெனியோ ஒத்துழைத்தாக வேண்டும். கையில் சட்டம் இருந்த சென்னையில் சில நிமிடங்களில் முடிந்த வேலைக்கு, அங்கே கடிதப் போக்குவரத்தும் பேரமும் தேவைப்படுவது இயல்பே. வளைகுடாவின் விளக்குகளை இன்று லாப நோக்கற்ற ஒரு தனி அமைப்பு பேணுகிறது. அங்கு வரும் கப்பல்களின் கட்டணத்தில்தான் அது இயங்குகிறது.

இந்தியாவில் 1927ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின்னும் வீதங்கள் மாறித் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. 2021இல் வந்த கடல்சார் வழிகாட்டுதல் உதவிகள் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. கலங்கரை விளக்கங்களோடு மின்னணு வழிகாட்டும் கருவிகளும் அதில் அடங்கும். பர்மா ஷெல் 1976இல் தேசியமயமாகிப் பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆனது. சென்னைக்கும் எண்ணூருக்கும் எண்ணெய் கொண்டுவரும் டேங்கர்களின் ஏஜென்டுகள், பெயர் மாறிய அதே கட்டணத்தைக் கப்பலின் டன் கணக்கில் இன்றும் செலுத்துகிறார்கள்.